வெல்ல ஆலை அடுப்பு: ஒற்றைக் கொப்பரையா, தொடர் கொப்பரையா, நீராவியா?

சித்தோடு சந்தையிலும் பிலிக்கல்பாளையம் ஏலத்திலும் வெல்லச் சிப்பத்தைப் பிரித்தவுடன் வியாபாரியின் கண் நிறத்துக்குப் போகிறது. பிறகு கட்டைவிரலால் அழுத்திக் கெட்டி பார்க்கிறார். ஒரு துண்டை வாயில் போடுவது கடைசியில்தான். அந்த நிறத்திலும் கெட்டியிலும் ரகத்துக்கும் மண்ணுக்கும் பங்கு உண்டு. கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் தந்த கோ 86032 கொங்கு வட்டாரத்தில் பரவலாக நிற்கிறது. வெல்லத்துக்கும் நல்ல ரகம். ஆனாலும் ஒரே தோட்டத்துக் கரும்பை இரண்டு ஆலைகளில் ஆட்டினால் இரண்டு நிறத்தில் வெல்லம் வரும் என்பது கவுந்தப்பாடிப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மீதிப் பங்கு அடுப்பினுடையது.

அடுத்த பருவத்துக்குள் அடுப்பைப் பிரித்துக் கட்டிவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் பலர். விறகு விலை ஏறிவிட்டது, அடுப்பெரிக்க ஆள் கிடைப்பதில்லை, புகையைப் பற்றி அக்கம்பக்கத்தில் புகார். காரணம் எதுவானாலும் முன்னால் நிற்கும் வழிகள் மூன்று. ஒரே கொப்பரை வைத்த பழைய அடுப்பையே சீர்செய்வது; நெருப்பு ஒன்று, கொப்பரை இரண்டு அல்லது மூன்று என்று புகைபோக்கியோடு தொடராகக் கட்டுவது; நேரடி நெருப்பை விட்டுவிட்டுக் கொதிகலன் வைத்து நீராவியில் காய்ச்சுவது. எது அதிகச் சூடு தரும் என்பதிலேயே பெரும்பாலும் பேச்சு நின்றுவிடுகிறது. சூடு மூன்றிலும் போதுமானது. பதம் வந்த நொடியில் அந்தச் சூட்டை எவ்வளவு விரைவாக விலக்க முடியும் என்பதை வைத்துத்தான் நான் இவற்றை எடைபோடுகிறேன்.

நெருப்பு அடங்க வேண்டிய இரண்டு இடங்கள்

கொப்பரையில் ஊற்றும் கரும்புப்பாலில், அதாவது ஆட்டிய கரும்புச் சாற்றில், நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தண்ணீர். சுண்ணாம்புத் தெளிவைச் சேர்த்து, வெண்டைத் தண்டைக் கசக்கிய கொழகொழப்பு நீரை ஊற்றி, 85 டிகிரி செல்சியஸ் வரை நிதானமாகச் சூடேற்றினால் அழுக்கு திரண்டு தடித்த ஆடையாக மேலே மிதக்கும். கொதி வருமுன் அதை வழித்தெடுத்துவிட வேண்டும். கொதித்துவிட்டால் ஆடை உடைந்து மறுபடியும் பாலில் கலந்துவிடும். பிறகு எந்தத் துணியில் வடிகட்டினாலும் முழுதாகப் பிரியாது. நெருப்பு சொல்பேச்சுக் கேட்க வேண்டிய முதல் இடம் இதுதான். வெல்லத்தின் அடியில் கறுப்பு மண்டி தங்குவதற்கும், மழைக்காலத்தில் சீக்கிரம் கசிவதற்கும், இங்கே அவசரப்பட்டது ஒரு முக்கியக் காரணம்.

அழுக்கு எடுத்த பிறகு நடுவில் வரும் நீண்ட நேரம் எளிதானது. தண்ணீர் தாராளமாக இருக்கும்வரை எவ்வளவு நெருப்புப் போட்டாலும் பாலின் வெப்பம் நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். கூடுதல் சூடெல்லாம் ஆவியாகப் போய்விடும். பொங்கி வழியாமல் சில துளி எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டால் போதும். இங்கே நெருப்பு எவ்வளவு மூர்க்கமாக இருந்தாலும் லாபம்தான். மெதுவாகக் காய்ச்சினால் சர்க்கரைச் சத்து சிதைந்து வெல்லம் இளகும்.

கடைசிக் கட்டம் வேறு கதை. தண்ணீர் குறையக் குறையப் பாகின் கொதிநிலை ஏறுகிறது. 105 டிகிரியை ஒட்டி இறக்கினால் நீர்ப்பாகு. உருண்டை வெல்லத்துக்கும் அச்சு வெல்லத்துக்கும் 116 முதல் 118. நாட்டுச் சர்க்கரைக்கு 120 முதல் 122. கடினமான வெல்லத்துக்கும் உதிரிச் சர்க்கரைக்கும் நடுவே இருப்பது நாலைந்து டிகிரி இடைவெளி மட்டுமே. ஆவியாகத் தண்ணீர் மிச்சமில்லாததால் அதே நெருப்பு இப்போது வெப்பத்தை மளமளவென்று ஏற்றுகிறது.

ஆலைக்கொட்டகையில் நின்று பார்த்தால் இந்த வேகம் கண்ணுக்கே தெரியும். வெளுத்துப் பொங்கிக்கொண்டிருந்த நுரை தானாக அடங்கும். சிறிய குமிழிகள் போய், காசளவு பெரிய குமிழிகள் கனமாக எழுந்து தொப்பென்று உடையும். பதம் பார்ப்பவர் துடுப்பு நுனியில் பாகை எடுத்து, பக்கத்துக் குண்டானில் உள்ள தண்ணீரில் விட்டு, விரலால் திரட்டுவார். முதல் முறை பாகு விரலிடுக்கில் நழுவும். இன்னொரு முறை உருளும், அழுத்தினால் சப்பையாகும். அதற்கடுத்த முறை உருண்டையைக் கொப்பரை விளிம்பில் தட்டினால் ‘டொக்’கென்று கேட்கும். அவர் கையை உயர்த்துகிறார். அப்போதே அடுப்பு அடங்கியிருக்க வேண்டும். கவுந்தப்பாடிப் பக்கத்தில் ஒரு முதிய பதக்காரர் இதைச் சுருக்கமாகச் சொன்னார்: “நெருப்பை இழுக்கத் தெரியாதவனுக்குப் பாகு நிற்காதுங்க, கண்ணு.”

அந்த நேரத்தில் அடுப்பெரிப்பவர் சக்கை போடுவதை நிறுத்திவிட்டால் போதுமா? போதாது. சுற்றிலும் உள்ள செங்கல் சுவர் பல மணி நேரமாகச் சூட்டைக் குடித்துச் சிவந்திருக்கிறது. உள்ளே தணலும் கிடக்கிறது. நெருப்பு நின்ற பிறகும் கொப்பரையின் அடிக்குச் சூடு போய்க்கொண்டே இருக்கும். இந்த மிச்சச் சூட்டை என்ன செய்கிறது என்பதில்தான் மூன்று அடுப்புகளும் பிரிகின்றன.

விறகு ஏன் பற்றாக்குறையாகிறது

அடுப்புகளுக்குப் போகுமுன் ஒரு கணக்கு. 1,000 கிலோ கரும்புப்பாலை வெல்லமாக்க ஏறத்தாழ 800 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.26 மெகாஜூல். பாலைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூட்டையும் சேர்த்தால் மொத்தம் 2,000 மெகாஜூலுக்குச் சற்று மேலே. அந்தப் பாலைத் தந்த கரும்பிலிருந்து ஏறத்தாழ 600 கிலோ பச்சைச் சக்கை கிடைக்கும். அதில் பாதி ஈரம். நன்றாகக் காய்ந்தால் 330 கிலோ நிற்கும், அதில் சுமார் 5,000 மெகாஜூல் சூடு இருக்கும். அதாவது, எரியும் சூட்டில் நூற்றுக்கு நாற்பது பங்கு பாலுக்குப் போய்ச் சேர்ந்தால் அந்தக் கரும்பின் சக்கையே அந்தப் பாலைக் காய்ச்சப் போதும்.

பழைய ஒற்றைக் கொப்பரை அடுப்புகள் இந்த நாற்பதை எட்டுவதில்லை. பல அடுப்புகளில் அந்த நாற்பதில் பாதியைத் தாண்டுவதே பெரிது. அதனால்தான் சோகை (காய்ந்த கரும்புத் தோகை), தென்னை மட்டை, சீமைக்கருவேல விறகு என்று வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்கிறது. சில இடங்களில் பழைய டயரும் கழிவுத் துணியும்கூட அடுப்புக்குள் போகின்றன. உணவு காய்ச்சும் கொட்டகையில் அந்தப் புகை சூழ்வதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியாது. அங்கே நின்று வேலை செய்பவர்களின் நுரையீரலை நினைத்தாலே மனம் கொதிக்கிறது.

ஒற்றைக் கொப்பரை

குழி, அதன்மேல் அகன்ற இரும்புக் கொப்பரை, முன்னால் அடுப்பு வாய், பின்னால் குட்டையான ஒரு புகைவழி. எந்தக் கொத்தனாரும் கட்டிவிடுவார். பணம் குறைவு. பதம் வந்ததும் கொப்பரையைச் சங்கிலிக் கப்பியாலோ தண்டவாளத்தில் தள்ளியோ நகர்த்திக் கவிழ்க்கும் ஏற்பாடு இருந்தால், மிச்சச் சூட்டிலிருந்து பாகை ஒரே இழுப்பில் விடுவித்துவிடலாம். கொப்பரையே அடுப்பை விட்டுப் போய்விடுவதால் கட்டுப்பாடு என்ற ஒரு கோணத்தில் பார்த்தால் இந்த எளிய அடுப்பு மோசமில்லை. நெருப்புக்கு ஒரே ஒரு எஜமான். கொப்பரை என்ன கேட்கிறதோ அதைக் கொடுத்தால் போதும்.

இதன் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. கொப்பரையைக் கடந்த புகை இன்னும் நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டோடு வெளியே போகிறது. கொப்பரையைக் கழுவி, அடுத்த பாலை ஊற்றும்வரை நெருப்பு வெறுமனே எரிகிறது, அல்லது அணைந்து செங்கல் ஆறுகிறது. இரண்டும் நட்டம். பச்சைப் பாலை நேரே அந்தச் சூட்டில் ஊற்றுவதால் அழுக்கு எடுக்க வேண்டிய நிதானமும் கிடைப்பதில்லை.

இதையே வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் மூன்று திருத்தங்களைச் செய்தாக வேண்டும். சக்கை மண் தரையில் கிடந்து எரியாமல், அடியிலிருந்து காற்று ஏறும்படி வார்ப்பிரும்புக் கம்பித்தட்டு. புகைவழியில் இழுத்து மூடக்கூடிய ஓர் இரும்புத் தகடு. கம்பித்தட்டுக்கும் கொப்பரை அடிக்கும் நடுவே போதிய உயரம். கடைசியில் சொன்னதைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கொப்பரை நெருப்புக்கு அருகில் இருந்தால் நன்றாகக் காயும் என்று குழியை ஆழமில்லாமல் வெட்டுகிறார்கள். பால் கொதிக்கும்போது கொப்பரையின் அடி நூறு டிகிரியைவிடச் சற்றே கூடுதல்; எண்ணூறு டிகிரிச் சுவாலைக்கு அது குளிர்ந்த சுவர். முழுதாக எரிந்து முடியுமுன் சுவாலை அதில் மோதினால் அணைந்து கரியாகப் படிந்துவிடும். அந்தக் கரி அடுத்த நெருப்பின் சூட்டையும் உள்ளே விடாமல் தடுக்கும். சுவாலை எரிந்து முடிய இடம் கொடுங்கள். அப்புறம் கொப்பரையைத் தொடட்டும்.

குளிர்நாட்டு விறகு அடுப்பு ஒன்று

இங்கே சற்று விலகிப் போகிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க வினையூக்கி வைத்த விறகு அடுப்புகள் உண்டு. தேன்கூடு போலத் துளைகள் உள்ள பீங்கான் கட்டியின்மேல் பிளாட்டினம், பல்லேடியம் போன்ற உலோகங்களை மெல்லிதாகப் பூசி, புகை செல்லும் வழியில் வைத்திருப்பார்கள். சாதாரணமாகப் புகை பற்றி எரிய அறுநூறு டிகிரியை ஒட்டிய வெப்பம் தேவை. அந்தப் பூச்சின்மேல் பட்டால் 260 டிகிரியிலேயே எரிந்துவிடும். அதனால் காற்றை வெகுவாகக் குறைத்து, விறகை இரவு முழுக்க மெதுவாக எரிய விடலாம், புகை வீணாவதில்லை. அடுப்பு மூட்டும்போது புகை கட்டியைச் சுற்றி நேரே மேலே போக ஒரு மாற்றுவழிக் கதவு திறந்திருக்கும். உள்ளே போதிய சூடு வந்ததை வெப்பமானி காட்டிய பிறகே அதை மூடுவார்கள். அவசரப்பட்டு மூடினால் கட்டி பற்றாது. புகைக்கரி படிந்து துளைகள் அடைபடும். மிதமிஞ்சிச் சூடேறினால் பூச்சு கெடும். ஈரம் இருபது சதவீதத்துக்கு மேலுள்ள விறகையும், வர்ணம் அடித்த பலகையையும், பிளாஸ்டிக்கையும் அதில் போடக் கூடாது.

இதை வெல்ல அடுப்பில் பொருத்த முடியுமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். நமக்குத் தேவை மெதுவான நெருப்பு அல்ல. நம் சுவாலை தானாகவே புகையை எரிக்கும் அளவுக்குச் சூடானது. சக்கைச் சாம்பல் மிக லேசானது, பறந்து போய் அந்தத் துளைகளை அடைத்துவிடும். ஆனால் அந்த அடுப்புக்காரர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு நமக்கு அப்படியே பொருந்தும். விறகு காய்ந்திருக்க வேண்டும், காற்றை அளந்து விட வேண்டும், புகைவழியைத் திறப்பதும் மூடுவதும் வெப்பத்தைப் பார்த்துச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கரும்புகை ஒவ்வொன்றும் எரியாமல் போகும் விறகு.

தொடர் கொப்பரை

நெருப்புக்கு நேர்மேலே ஒரு கொப்பரை. சுவாலையும் சூடான புகையும் அதன் அடியைத் தடவிக்கொண்டு நிலத்தடிக் கால்வாய் வழியாக இரண்டாவது கொப்பரைக்கும், இடமிருந்தால் மூன்றாவதுக்கும் போய், உயரமான புகைபோக்கியில் ஏறும். பால் எதிர்த்திசையில் நகரும். புகைபோக்கிக்கு அருகிலுள்ள கொப்பரையில் பச்சைப் பால். அங்கே சூடு மிதமாக இருப்பதால் 85 டிகிரியில் நிறுத்தி அழுக்கு எடுக்க நிறைய நேரம் கிடைக்கும். தெளிந்த பால் முன்னோக்கி வந்து நெருப்புக்கு மேலே கொதிக்கும். முதலில் சொன்ன அந்த முதல் இடத்துக்கு இதைவிட நல்ல தீர்வு எனக்குத் தெரியவில்லை. வீணாகப் போன சூடும் வேலை செய்கிறது, சக்கையும் மிச்சமாகிறது. ஒழுங்காகக் கட்டி, காய்ந்த சக்கை போட்டு ஓட்டினால் வெளி விறகு இல்லாமலே பருவத்தைக் கடத்த வாய்ப்பு உண்டு.

இரண்டாவது இடம், அதாவது பதம் வரும் நேரம், இங்கேதான் சிக்கல். முன் கொப்பரையில் பாகு முற்றும்போது நெருப்பைக் குறைக்க வேண்டும்; அதே நேரத்தில் பின் கொப்பரைக்குச் சூடு தேவை. ஒரு நெருப்பு இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்கிறது. இதற்கு வழி, முன் கொப்பரையை அசையும்படி அமைப்பது. பதம் வந்ததும் அதைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டு, பின் கொப்பரையில் சூடாகக் காத்திருக்கும் தெளிந்த பாலை உடனே அதில் ஊற்றிவிடலாம். செங்கல்லின் மிச்சச் சூடு அந்தப் புதுப் பாலுக்குப் போகும். அது தண்ணீர் நிறைந்தது, எவ்வளவு சூட்டையும் தாங்கும். முன் கொப்பரையைச் சுவரோடு சேர்த்துப் பூசிவிட்டு, பாகை வாளியால் மொண்டு எடுக்கும் அமைப்பை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மொண்டு முடிப்பதற்குள் அடியில் உள்ள பாகு கருகிவிடும்.

கொத்தனார் விஷயத்தில் கவனம் தேவை. கால்வாயின் குறுக்களவும் புகைபோக்கியின் உயரமும் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் புகையை மேலே இழுக்கும் இழுவை இருக்காது; சுவாலை அடுப்பு வாய் வழியாக எரிப்பவரின் முகத்துக்கே திரும்பும். இழுவை அதிகமானால் நெருப்பு உறுமிக்கொண்டு குட்டையாக, வெளுப்பாக எரியும். கேட்பதற்குப் பலமாக இருக்கும், சூடெல்லாம் புகைபோக்கியில் போகும். சிவந்து நீண்டு சோம்பலாக அலையும் சுவாலையும் கரும்புகையும் காற்றுப் போதவில்லை என்பதற்கு அடையாளம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்தத்தான் புகைவழித் தகடு. தகடு இல்லாத தொடர் அடுப்பைக் கட்டுவதைவிடப் பழைய அடுப்பையே வைத்துக்கொள்ளலாம். சக்கைச் சாம்பலில் மணற்சத்தும் சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) இருப்பதால், சூடு மிகுந்தால் உருகிக் கிட்டமாகக் கம்பித்தட்டில் ஒட்டும். தட்டின் கம்பிகள் தனித்தனியாகக் கழற்றி மாற்றும்படி இருக்கட்டும்.

கொப்பரையின் வெளி அடியில் தகட்டு விலாக்களைப் பற்றவைத்து, சூடு வாங்கும் பரப்பைக் கூட்டும் முறையை லக்னோவில் உள்ள இந்தியக் கரும்பு ஆராய்ச்சி நிறுவனம் சோதித்து, எரிபொருள் கணிசமாக மிச்சமாவதைக் காட்டியிருக்கிறது. புதுக் கொப்பரை செய்யக் கொடுக்கும்போதே இதைக் கேட்டுப் பெறலாம்.

நீராவி

நெருப்பு ஒரு பக்கம், பாகு ஒரு பக்கம். கொதிகலனில் உண்டான நீராவி, இரட்டைச் சுவர் கொண்ட துருவேறா எஃகுக் கொப்பரையைச் சூடேற்றுகிறது. கட்டுப்பாட்டைப் பொறுத்தவரை இதற்கு ஈடில்லை. வால்வைத் திருகினால் சூடு நின்றுவிடும்; சிவந்த செங்கல் கிடையாது. அதைவிட முக்கியம், சூட்டுக்கே ஓர் உச்சவரம்பு இருக்கிறது. மானியில் 3 கிலோ அழுத்தம் காட்டும் நீராவி 143 டிகிரியை ஒட்டியது, 5 கிலோ அழுத்தத்தில் 159-ஐ ஒட்டியது. பாகைத் தொடும் சுவர் அதற்கு மேல் ஏறவே முடியாது. நேரடி நெருப்பில் கொப்பரையின் அடியில் எந்த மூலை எவ்வளவு சூடாகிறது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

இந்த உச்சவரம்பே ஓர் இடைஞ்சலும் ஆகிறது. நீர்ப்பாகுக்கு 105 டிகிரி போதும். குறைந்த அழுத்தத்திலேயே சுகமாக முடியும். நாட்டுச் சர்க்கரைக்கு 122 டிகிரி வேண்டும். பாகும் குழம்பாக இறுகிச் சூட்டை மெதுவாகத்தான் வாங்கும். அழுத்தம் போதாவிட்டால் கடைசிக் கட்டம் இழுத்துக்கொண்டே போகும், நிறம் மங்கும். ஆகவே சர்க்கரை செய்யும் ஆலைக்கு உயர் அழுத்தமும் இயந்திரத் துடுப்பும் இல்லாமல் நீராவி சரிப்படாது. விற்பவர் சொல்லும் அழுத்தத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

கொதிகலன் சட்டத்துக்கு உட்பட்ட பொருள். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. பதிவு, சோதனை, தகுதிச் சான்று பெற்ற ஆள் எல்லாம் உண்டு. திருப்பூர், பெருந்துறைச் சாயப்பட்டறைகளால் கொதிகலன் தெரிந்த ஆட்களுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. மஞ்சளை நீராவியில் வேகவைத்துப் பழகியவர்கள் ஈரோட்டு விவசாயிகள். தண்ணீர்தான் உண்மையான தொல்லை. கொங்குப் பகுதியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் கடுமையான உப்பு. மென்னீராக்காமல் ஊற்றினால் கொதிகலனின் குழாய்களில் சுண்ணாம்பு ஏடு படிந்து முதலில் விறகு கூடும், பிறகு குழாயே வெடிக்கும். நீராவி குளிர்ந்து திரும்பும் தண்ணீரை மறுபடியும் கொதிகலனுக்கே அனுப்பும் ஏற்பாடு இருந்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

எரிவாயுவிலும் மின்சாரத்திலும் காய்ச்சலாமா என்று கேட்கிறார்கள். சக்கையைச் சும்மா வைத்துக்கொண்டு எரிபொருளை விலைக்கு வாங்கும் கணக்கு எந்த அளவிலும் எனக்குப் பிடிபடவில்லை.

யாருக்கு எது

சொந்தக் கரும்பை மட்டும், பருவத்தில் சில வாரங்கள் ஆட்டுபவர் ஒற்றைக் கொப்பரையோடு இருக்கலாம். மேலே சொன்ன மூன்று திருத்தங்களைச் செய்து, கொப்பரையை நகரும்படி மாற்றினால் அவருக்கு அதுவே நிறைவு. தொடர் அடுப்பு, அடுத்தடுத்துப் பால் வந்துகொண்டே இருந்தால்தான் பயன் தரும்; ஒரு நாளைக்கு ஓரிரண்டு கொப்பரை ஓட்டுபவருக்கு அதன் நீளமான செங்கல் கால்வாயைச் சூடாக்குவதிலேயே சக்கை தீர்ந்துவிடும்.

மார்கழி, தை முழுக்க ஓயாமல் ஓட்டுபவர்கள், அக்கம்பக்கத்துக் கரும்பையும் வாங்கி ஆட்டுபவர்கள், இவர்களுக்கு இரண்டு கொப்பரைத் தொடர்தான் என் தேர்வு. மூன்றாவது கொப்பரையால் கிடைக்கும் கூடுதல் மிச்சம் குறைவு, இழுவைத் தொந்தரவு அதிகம். கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பழனி தேவஸ்தானம் நாட்டுச் சர்க்கரையைப் பஞ்சாமிர்தத்துக்காக வாங்குகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பஞ்சாமிர்தம் அது. அப்படிப்பட்ட இடத்துக்குச் சரக்கு அனுப்புபவர், நிறத்தை ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனம் போட்டு வெளுக்காமல் அடுப்பிலேயே சம்பாதிக்க வேண்டும். அழுக்கை முழுதாக எடுத்து, அடிபிடிக்காமல் இறக்கினால் சர்க்கரை பொன்னிறத்துக்கு நெருக்கமாக வரும். கரும்பின் இயல்பால் சற்றுக் கருத்தாலும் அது நேர்மையான கருப்பு. அஸ்காவை, அதாவது வெள்ளைச் சர்க்கரையை, கலந்து வெளுப்பாக்குவதைப் பற்றிப் பேசவே எனக்கு விருப்பமில்லை.

நீராவி, தனி ஆளுக்குப் பெரிய சுமை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து, நீர்ப்பாகு, பொட்டலச் சர்க்கரை என்று நேரடி விற்பனைக்குப் போகிறவர்கள் துணியலாம். ஒவ்வொரு கொப்பரையும் ஒரே மாதிரி வந்தாக வேண்டிய வியாபாரத்துக்கு அதைவிட நம்பகமானது வேறில்லை.

எதைத் தேர்ந்தாலும் முதல் செலவு ஒரு கூரையாக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சக்கையை எந்த அடுப்பாலும் ஒழுங்காக எரிக்க முடியாது. வெயிலில் காய்ந்ததும் உள்ளே அடுக்க, அடுப்பிலிருந்து பாதுகாப்பான தூரத்தில் ஒரு கொட்டகை. இரண்டாவது செலவு, நீண்ட எஃகுக் கம்பியுள்ள மின்னணு வெப்பமானி. கொப்பரையின் அடியைத் தொடாமல், பாகின் நடுவில் நிறுத்திப் பார்க்க வேண்டும். வாங்கியவுடன் கொதிக்கும் வெந்நீரில் நனைத்துச் சோதியுங்கள்: கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 180 மீட்டர் உயரத்தில் உள்ள ஈரோட்டில் 99.4-ஐ ஒட்டியும், 410 மீட்டரில் உள்ள கோவையில் 98.6-ஐ ஒட்டியும் காட்டினால் கருவி சரி. பதக்காரரின் விரலை இது தள்ளிவிடாது. அவர் உருண்டை தட்டும் ஒவ்வொரு முறையும் எண்ணைச் சுவரில் எழுதி வந்தால், எத்தனை டிகிரிக்கு முன்னால் நெருப்பை இழுக்கத் தொடங்க வேண்டும் என்பது சில நாட்களிலேயே அந்த அடுப்புக்கென்று தெளிவாகிவிடும். மிச்சச் சூட்டின் அளவு அடுப்புக்கு அடுப்பு மாறும். பக்கத்து ஆலையின் எண் உதவாது.

கட்டும் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். நெருப்புப் படும் உட்சுவருக்கு மட்டுமாவது தீச்செங்கல், தீக்களிமண் சாந்து. சிமெண்ட் அங்கே வெடித்து உதிரும். பூசிய ஈரம் காயச் சில நாட்கள் விட்டு, முதலில் கைப்பிடிச் சோகை அளவில் சிறு நெருப்பு, அடுத்த நாள் சற்றுக் கூடுதல் என்று படிப்படியாக ஏற்ற வேண்டும். கொப்பரையில் தண்ணீர் இல்லாமல் இந்தச் சோதனை நெருப்பைப் போடக் கூடாது. சுவரில் மயிரிழை விரிசல் விட்டால் அப்போதே களிமண் பூசி அடையுங்கள். பருவம் தொடங்கிய பிறகு அந்த வழியாகக் காற்று புகுந்தால், புகைவழித் தகட்டை எவ்வளவு மூடினாலும் நெருப்பு அடங்காது.